குழு இயக்கவியலா, குழுப்போக்கா?

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிகளில் பயிற்சி வகுப்பு என்றாலே ‘குழு இயக்கவியலை மேம்படுத்துவோம்’ என்று பேனர் கட்டிவிடுகிறார்கள். ஒரு குழுவில் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்கிற டீம் டைனமிக்ஸுக்கு யாரோ போட்ட தமிழ், அப்படியே ஒட்டிக்கொண்டது.

டைனமிக்ஸ், ஆற்றலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இயற்பியலில் புழங்கிய, தமிழில் இயக்கவியல் எனப்படும் அதைக் குழுக்களுக்கும் பரவலாக்கியவர் உளவியலாளர் கர்ட் லெவின். 1945-இல் எம்.ஐ.டி.யில் இதற்கென்றே ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்.

லெவினே இயற்பியலில் இருந்துதானே எடுத்தார், அப்போது இயக்கவியல் சரிதானே என்பார்கள். அவர் தொடங்கிய துறைக்கு அந்தப் பெயர் இருக்கட்டும், ஆட்சேபணை இல்லை. ஆனால் ‘இயல்’ என்றால் படிப்பு. பொருளாதாரம் சரிந்தது என்கிறோம், பொருளியல் சரிந்தது என்று யாராவது சொல்வோமா? ஒரு உற்பத்தி லைனில் பத்துப் பேர் ஒருவரோடு ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது படிப்பு இல்லை, அன்றாடம் நடக்கிற விஷயம், அதை மேம்படுத்த வேண்டும் என்று சொல்ல வந்துவிட்டு ஒரு துறையையே மேம்படுத்தக் கிளம்பினால் என்ன அர்த்தம்? போதாக்குறைக்கு, மார்க்சியத்தில் டயலெக்டிக்ஸுக்கும் இயக்கவியல் என்றுதான் பெயர், அதனால் தொழிற்சங்கத் தோழர் காதில் அது மார்க்சியப் பாடமாக விழும்.

தையல் பிரிவில் ஊசி அடிக்கடி உடைகிறது, சொன்னால் சூப்பர்வைசர் திட்டுவார் என்று அந்தப் பெண்கள் வாயைத் திறப்பதில்லை. தைத்த மேல்பாகமான அப்பர் வராமல், அதை அச்சில் இழுத்துப் பொருத்துகிற லாஸ்டிங் பிரிவில் ஆள் சும்மா நிற்கிறார், பழி தையல் மேல் விழுகிறது, அப்புறம் இரண்டு பிரிவுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. டீம் டைனமிக்ஸ் என்பது இதுதான். இதைச் சரிசெய்ய முதலில் ஊசி உடைந்ததைப் பயமில்லாமல் சொல்ல முடிய வேண்டும்.

சிலர் ‘குழு ஒற்றுமை’ என்று எழுதுகிறார்கள், அது இன்னும் தப்பு. ஒற்றுமை நல்லதை மட்டும் சொல்லும். மேலே சொன்ன ஊமைச் சண்டையும் டைனமிக்ஸ்தான். நான் ‘குழுப்போக்கு’ என்பேன். ‘அவன் போக்கே சரியில்லை’ என்று வேலூர்க்காரர் தினமும் சொல்கிற சொல், நல்லதுக்கும் கெட்டதுக்கும் பொருந்தும். போக்கு என்றால் டிரெண்ட் ஆச்சே என்று கேட்டால், முன்னால் ‘குழு’ நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள், பேனர் அச்சுக்குப் போகுமுன் அதே லைனில் ஒருவரிடம் படித்துக் காட்டி என்ன புரிகிறது என்று கேட்கலாம், ஐந்து நிமிட வேலைதான்.