ஆறு பேர் விழுந்தால் அது அதிகமா, குறைவா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு குடும்பம் ஆயாவுக்கு முதியோர் இல்லம் பார்க்கப் போனால் முதலில் வேலை செய்வது மூக்குதான். உள்ளே நுழைந்ததும் மூத்திர வாடை அடிக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் தரை, ஜன்னல், சாப்பாடு. புரட்டாசி மாதம் முழுக்க சைவம் கிடைக்குமா, வெள்ளிக்கிழமை விளக்கேற்ற ஒரு மூலை உண்டா என்று விசாரிப்பார்கள். எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள். ஆனால் போன வருடம் இங்கே எத்தனை முறை ஆட்கள் விழுந்தார்கள், எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் வந்தது, எத்தனை பேருக்கு மயக்கி வைக்கும் மருந்து போகிறது என்று கேட்பவர்கள் அபூர்வம். கேட்டு ஒரு எண் கிடைத்தாலும் அதை எப்படிப் படிப்பது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதியோர் பராமரிப்பு பற்றிய அறிக்கை விதிகள் ஏன் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறுகின்றன என்பதற்கும் விடை அந்த எண்களுக்குள்ளேதான் இருக்கிறது.

பெய்ரூத்தில் பிறந்த ஆர்மீனிய வம்சாவளி மருத்துவர் அவெடிஸ் டொனபீடியன், சிகிச்சையின் தரத்தை மூன்று இடங்களில் அளக்கலாம் என்று 1966ல் எழுதினார். முதலாவது, என்ன வசதி இருக்கிறது. இரண்டாவது, என்ன செய்கிறார்கள். மூன்றாவது, கடைசியில் அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று. தீயணைப்புக் கருவியும் சாய்தளமும் நர்ஸ் எண்ணிக்கையும் முதல் வகை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்டிப் படுக்கவைப்பது இரண்டாவது வகை. புண் வந்ததா இல்லையா என்பது மூன்றாவது. முதல் வகையை அளப்பது சுலபம், ஆனால் அது படுத்திருக்கும் ஆளிடமிருந்து ரொம்ப தூரத்தில் இருக்கிறது. மூன்றாவது வகை அவருடைய உடம்பிலேயே இருக்கிறது, ஆனால் அதற்குக் காரணங்கள் பல. உலகெங்கும் அறிக்கை விதிகள் மெல்ல மெல்ல முதலாவதிலிருந்து மூன்றாவதை நோக்கி நகர்ந்திருக்கின்றன. சிக்கல்களும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

விழுவதையே எடுத்துக்கொள்வோம். ஒரு இல்லத்தில் 40 பேர் இருக்கிறார்கள், ஒரு மாதத்தில் 6 முறை யாராவது விழுந்திருக்கிறார்கள். இன்னொன்றில் 100 பேர், 12 முறை. இரண்டாவது இல்லம் மோசம் போலத் தெரியும். கணக்குப் போட்டால் வேறு விதமாக வருகிறது. ஒருவர் ஒரு நாள் அங்கே இருந்தால் அது ஒரு படுக்கை நாள். 40 பேர், 30 நாள் என்றால் 1,200 படுக்கை நாட்கள். அதில் 6 முறை என்பது 1,000 நாளுக்கு 5. பெரிய இல்லத்தில் 3,000 நாளுக்கு 12, அதாவது 1,000க்கு 4. மேலே இருக்கும் எண்ணை மட்டும் சொல்லி, எதால் வகுக்க வேண்டும் என்பதைச் சொல்லாத அறிக்கை நமக்கு எதையுமே சொல்லவில்லை.

வகுத்தாலும் இன்னொரு தொல்லை இருக்கிறது. விழுவது போன்ற சம்பவங்கள் எண்ணிக்கையில் சிறியவை, தற்செயலாகவும் நடப்பவை. இப்படிப்பட்ட எண்கள் தாமாகவே ஏறி இறங்கும். எவ்வளவு ஏறி இறங்கும் என்பதற்கு ஒரு எளிய விதி உண்டு: சராசரியின் வர்க்கமூலத்தை எடுத்து, அதை இரண்டால் பெருக்கி, இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். மாதச் சராசரி 6 என்றால் வர்க்கமூலம் சுமார் 2.4. ஆக அந்த இல்லத்தில் எதுவுமே மாறாவிட்டாலும் ஒரு மாதம் 2, அடுத்த மாதம் 10 என்று வரலாம். 10 வந்த மாதம் மேட்ரனைக் கூப்பிட்டுத் திட்டுவதும், 2 வந்த மாதம் கைதட்டுவதும் இரண்டுமே வீண். ஒரு வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால் சராசரி 72, ஊசலாட்டம் 55க்கும் 89க்கும் நடுவில் அடங்கும். அந்த எல்லையைத் தாண்டினால்தான் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

சரி, யார் அங்கே இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். படுத்த படுக்கையாக இருப்பவர் விழ மாட்டார். நடுக்குவாதத்தோடு தானே எழுந்து நடக்கிறவர் விழுவார். அதனால் ஒழுங்கான ஒப்பீட்டில் வயது, நடை, நினைவு, மருந்துகள் எல்லாவற்றையும் பார்த்து, இப்படிப்பட்ட ஆட்கள் இருக்கும் இடத்தில் எத்தனை முறை எதிர்பார்க்கலாம் என்று முதலில் கணக்கிட்டு, நடந்ததை அதோடு ஒப்பிடுவார்கள். தென்னாப்பிரிக்காவில் அரசு மானியம் பெறும் இல்லத்தில் ஃப்ரெயில் கேர் (தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்கான முழுநேரப் பராமரிப்பு) படுக்கை கேட்கும்போது டிகியூ98 என்ற மதிப்பீட்டுப் படிவம் நிரப்புகிறார்களே, அதில் இருப்பதும் இந்த மாதிரி விவரங்கள்தான்.

ஒருவருமே விழாத இல்லம் என்றால்? அங்கேதான் நான் அதிகம் பயப்படுவேன். விழாமல் பார்த்துக்கொள்ள மிகச் சுலபமான வழி, எழவே விடாமல் வைப்பது. நாற்காலியோடு ஒரு பட்டி, மடிமேல் ஒரு தட்டு, அவ்வளவுதான். 2007ல் வெளியான ஒரு ஆய்வில் ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்துபோயிருந்தது. பத்தே நாளில்! ஆக, கட்டிப்போட்டு விழாமல் காத்த ஆளை நாம் நடக்க முடியாதவராக்கி விடுகிறோம். அமெரிக்காவில் 1987ல் வந்த நர்சிங் இல்லச் சீர்திருத்தச் சட்டம், அப்படிக் கட்டிவைப்பதற்குக் கடிவாளம் போட்டது. அதன் பிறகு விழுவதோடு கட்டிவைப்பதையும் சேர்த்தே எண்ணத் தொடங்கினார்கள். ஒரு எண்ணைத் தப்பான வழியில் குறைத்தால் இன்னொரு எண் ஏறிக் காட்டிக்கொடுக்கும். விதிகள் மாறுவதில் பாதி இப்படித்தான்: ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு ஒரு காவல் எண் சேர்ப்பது.

படுக்கைப்புண்ணுக்கு வருவோம். நம் மக்களுக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள இடம். தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதை குறைவாக உள்ள இடங்களில், அதாவது வால் எலும்பு, இடுப்பு, குதிகால் போன்றவற்றில், உடம்பின் பாரம் நுண்ணிய இரத்தக் குழாய்களை நசுக்குகிறது. சில மணி நேரம் இரத்தம் போகாவிட்டால் அங்கே திசு சாகத் தொடங்கும். தோல் கிழிவதற்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு பழைய சோதனை உண்டு. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெள்ளையாகி மறுபடி சிவந்தால் இரத்த ஓட்டம் இருக்கிறது. வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அது முதல் நிலைப் புண்.

இந்தச் சோதனை வெளிர் தோலை வைத்து உருவானது. கறுத்த தோலில் சிவப்பும் தெரியாது, வெளுப்பதும் தெரியாது. அமெரிக்க ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது இது: கறுத்த தோல் உள்ளவர்களுக்கு முதல் நிலைப் புண் குறைவாகப் பதிவாகிறது, ஆழமான நிலைப் புண்கள் அதிகமாகப் பதிவாகின்றன. முதல் நிலை வராமல் போகவில்லை, கண்ணில் படாமல் போயிருக்கிறது. 2016ல் அங்குள்ள நிபுணர் குழு வரையறைகளைத் திருத்தியபோது, கறுத்த தோலில் முதல் நிலை வேறு விதமாகத் தோன்றலாம் என்பதையும் வரையறைக்குள்ளேயே எழுதியது. அனுபவமுள்ள சிஸ்டர்கள் குதிகாலைப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். காலை மெல்லத் தூக்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார்கள். பிறகு விரலால் தடவி, பக்கத்துத் தோலைவிடக் கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நிறம் சற்று ஊதாவாக, மற்ற இடத்தைவிடக் கறுத்திருக்கிறதா என்பதைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். ஒரு குதிகாலுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் டர்பனில் இருக்கும் இந்திய, ஆப்பிரிக்க முதியவர்களுக்கு அந்த அரை நிமிடத்தை ஒதுக்காத இல்லம், ‘புண் இல்லை’ என்று மனசாட்சிக்கு விரோதமில்லாமலே பொய்யான அறிக்கை அனுப்பும்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். ஒரு இல்லம் புதிதாக வாராவாரம் தோலைப் பரிசோதிக்க ஆரம்பித்தால், முதல் மூன்று மாதத்தில் புண் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். அது கெட்ட செய்தி இல்லை. உற்றுப் பார்க்கிறவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். ஏறிய எண்ணைப் பார்த்து உடனே தண்டித்தால், அடுத்த முறை யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள்.

எண்ணுக்குப் பரிசும் தண்டனையும் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா பெரிய பாடம். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகள் கொடுத்தால் மரண ஆபத்து கூடுகிறது என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005ல் எச்சரித்தது. 2011 இறுதியில் நர்சிங் இல்லங்களில் நீண்ட நாள் இருப்பவர்களில் 100க்கு ஏறத்தாழ 24 பேர் இந்த மருந்துகளில் இருந்தார்கள். 2012 முதல் இதை எண்ணி வெளியிட்டுக் குறைக்கச் சொன்னார்கள். எண் நன்றாகவே இறங்கியது. ஆனால் மனச்சிதைவு நோய் இருந்தால் அந்த மருந்து நியாயம் என்பதால், அவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று விதி சொன்னது. பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கும் அந்த நோய், திடீரென்று எண்பது வயதுக்காரர்களின் கோப்புகளில் தோன்ற ஆரம்பித்தது. 2018க்கான பதிவுகளை அரசுத் தணிக்கையாளர்கள் ஒப்பிட்டபோது, மனச்சிதைவு என்று இல்லங்கள் எழுதியிருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, அந்த நோய்க்காக எந்தச் சிகிச்சையும் பெற்றதற்கான பில்லே இல்லை. 2023ல் அந்த நோய்க் குறிப்புகளையே தணிக்கை செய்யத் தொடங்கினார்கள். மாத்திரையை விழுங்கிவிட்டு நாள் முழுக்கத் தலை தொங்கி உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

விழுவதிலும் இதே கதை. பலத்த காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போன முதியவர்களின் பில்களையும், அவர்கள் இருந்த இல்லம் அனுப்பிய அறிக்கைகளையும் 2020ல் ஒரு ஆய்வு பக்கத்தில் வைத்துப் பார்த்தது. 100ல் 58 சம்பவங்கள்தான் அறிக்கையில் இருந்தன. இல்லம் தன்னைப் பற்றித் தானே எழுதும் எண்ணை நம்பாமல், வேறொரு காரணத்துக்காக வேறொருவர் எழுதும் பதிவிலிருந்து எடுப்பது நல்லது என்பதே இன்றைய போக்கு. ஆள் பலத்தை அமெரிக்காவில் இப்போது சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுக்கிறார்கள். சம்பளம் கொடுக்காத நர்ஸை எழுதிக் காட்டுவது கஷ்டம்.

இல்லத்துக்கே போகாமல் பகலில் மையத்துக்கு வந்து இரவில் வீட்டில் தூங்கும் திட்டங்களில் கணக்கு இன்னும் சிக்கல். 1970களில் சான் ஃபிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பில் தொடங்கிய ஒரு முயற்சியிலிருந்து, ‘பேஸ்’ என்ற தேசியத் திட்டம் வளர்ந்தது. 1997ல் அது சட்டப்படி நிரந்தரமானது. அங்கே விழுதல், படுக்கைப்புண், மருந்துத் தவறு எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும். ராத்திரி குளியலறையில் வழுக்கி விழுந்ததை மருமகள் சொன்னால்தான் மையத்துக்குத் தெரியும். நம் ஊரில் வாரம் இரண்டு நாள் கூடும் முதியோர் மன்றங்களுக்கும் இதே நிலைதான்.

தென்னாப்பிரிக்காவில் 2006ஆம் ஆண்டின் முதியோர் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இல்லங்கள் பதிவு செய்ய வேண்டும், குடியிருப்போர் குழு வைக்க வேண்டும், கொடுமை நடந்தால் புகாரளிக்க வேண்டும். அமெரிக்காவில் போல ஒவ்வொரு இல்லத்துக்கும் நட்சத்திரம் போட்டு ஒப்பிடும் பொதுப் பட்டியல் இங்கே கிடையாது. எண்ணாமல் விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதை நாடே பார்த்தது. காவுடெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமெனி என்ற தனியார் பராமரிப்பு நிலையத்திலிருந்து மனநோயாளிகளை உரிய உரிமம் இல்லாத இடங்களுக்கு மாற்றியபோது 36 பேர் இறந்தார்கள் என்று 2016 செப்டம்பரில் மாகாண சுகாதார அமைச்சர் சொன்னார். 2017 பிப்ரவரியில் சுகாதாரக் குறைதீர்ப்பாளரின் அறிக்கை 94 என்றது. பிறகு அது 144 ஆனது. மூன்று எண்களும் ஒரே துயரத்தைப் பற்றியவை. உள்ளே போய்த் தேடியவர்களுக்கே முழு எண் கிடைத்தது.

எண்களில் எளிதில் சேராத ஒன்று வலி. டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாராக்ஸில் தமிழ் பேசி வளர்ந்து, 1960களில் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்பட்ட தலைமுறை இன்று இந்த இல்லங்களில் இருக்கிறது. மறதி நோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழி முதலில் நழுவுவது பலரிடம் காணப்படுகிறது. ஐம்பது வருடம் ஆங்கிலம் பேசிய தாத்தா தமிழில் மட்டும் முனகுவார். பக்கத்தில் நிற்கும் பராமரிப்பாளர் அன்பானவர்தான், ஆனால் அவர் பேசுவது சுலு. வாயால் சொல்ல முடியாதவர்களுக்கென்று 2003ல் உருவான ஒரு அளவுகோலில் மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து, 0 முதல் 10 வரை மதிப்பெண் போடலாம். அதற்கு மொழி தேவையில்லை. இருந்தாலும் ஆயாவைச் சேர்க்கும் அன்றே அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில் தாய்மொழி தமிழ் என்றும், எரியுது, குத்துது, மரத்துப்போச்சு, மூச்சு முட்டுது என்ற சொற்களை ஆங்கில எழுத்தில் அர்த்தத்தோடும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். குடியிருப்போர் குழுவில் நம்மவர் யாராவது இருந்தால், எல்லாக் கோப்புகளிலும் அந்த ஒரு கட்டத்தைச் சேர்க்கக் கேட்கலாம். செலவு ஒரு பேனாதான்.