ஜியோடெக்ஸ்டைல் – மண்துணி

கரிசல் மண்ணில் போட்ட ரோடு சீக்கிரமே அலையலையாக அமுங்குகிறது என்றால் தாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மழையில் இளகிய மண்ணுக்குள் ஜல்லி இறங்குகிறது, லாரி ஏற ஏறச் சேறு பிதுங்கி ஜல்லிக்கு நடுவே மேலே வருகிறது. இந்த இரண்டையும் கலக்கவிடாமல், தண்ணீரை மட்டும் கசிய விட்டு, நடுவில் கிடக்கிற துணிதான் ஜியோடெக்ஸ்டைல்.

1926-லேயே அமெரிக்காவின் தென் கரோலினாவில் ரோட்டுக்கு அடியில் பருத்தித் துணி விரித்துப் பார்த்திருக்கிறார்கள். பெயர் வந்தது பிற்பாடு: 1977-ல் ஜிரூ என்ற பிரெஞ்சுப் பொறியாளர், நிலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு நெய்தலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல்லைச் சேர்த்து உருவாக்கினார்.

தமிழில் புவிநெசவு, புவித்துணி என்றெல்லாம் எழுதலாம்தான். ஆனால் இதில் பாதி ரகம் நெய்வதே இல்லை, இழைகளைப் பரப்பி ஊசியால் குத்திக் குத்திப் பின்னிவிடுகிறார்கள், அதனால் நெசவு பொருந்தாது. துணி பொருந்தும், ஏனென்றால் அது துணித்தல், அதாவது வெட்டுதல் என்பதிலிருந்து வந்தது (சங்க காலத்து ‘அறுவை’யும் அப்படித்தான்), நெய்ததா இல்லையா என்ற கேள்வியே அதில் எழாது. புவி என்றால் உலகம் முழுவதும் கண்ணுக்குள் வருகிறது, இங்கே பேச்சு காலடி மண்ணைப் பற்றி. ஆகவே என் தேர்வு மண்துணி.

ஜியோகிரிட் வேறு. அது கட்டங்கட்டமான வலை, ஜல்லி அந்தக் கண்களில் சிக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர முடியாமல் நிற்கும், பாரமும் பரவி இறங்கும். ரோட்டுக்கு உண்மையில் வலுக் கொடுப்பது பெரும்பாலும் இதுதான். அதற்கு மண்வலை சரியாக இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயரான ஜியோசிந்தெட்டிக்கை ‘புவிச்செயற்கை’ ஆக்குவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, தமிழில் அதற்கு ஒரு பொருளும் தோன்றாது. மண்ணிடை விரிப்பு என்றால் கேட்டதும் புரியும்.

அப்புறம், தென்னை நாரிலும் மண்துணி உண்டு. சில ஆண்டுகளில் மக்கிவிடும், ஆனால் அதற்குள் மண் இறுகிவிட்டால் அதன் வேலை முடிந்தது. 2020-ல் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் ஏழு மாநிலங்களில் 1,674 கி.மீ. சாலைக்கு இதை அனுமதித்தார்கள், அதில் தமிழ்நாட்டுக்கு 369 கி.மீ. இதைக் ‘காயர் ஜியோடெக்ஸ்டைல்’ என்று எழுத வேண்டாமே. மலையாளத்துக் கயர்தான் ஆங்கிலத்துக்குப் போய்க் காயர் ஆனது, நம் கயிறும் அதே வேர்தான். தென்னைநார் மண்துணி என்றே எழுதலாம்.