பழைய பைக் வாங்கினால் பணத்தோடு பெயரும் கைமாற வேண்டும்

தெரிந்தவரிடமோ ஆன்லைன் விளம்பரம் பார்த்தோ பழைய பைக் வாங்கும்போது வழக்கமாக நடப்பது இதுதான். வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்போம், விலை பேசுவோம், பணத்தைக் கொடுப்போம். சாவியோடு ஆர்.சி. புக்கும் வெறும் கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு ஃபார்மும் கைக்கு வரும். "பேரை மெதுவா மாத்திக்குங்க" என்பார் விற்றவர். பல வண்டிகளுக்கு அதன்பிறகு பெயர் மாறுவதே இல்லை. வண்டி ஒருவர் வீட்டு வாசலில் நிற்கும், ஆர்.சி. இன்னொருவர் பெயரில் இருக்கும். இதில் இருவருக்குமே ஆபத்து இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 50-வது பிரிவு இருவருக்கும் தனித்தனிக் கெடு வைத்திருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்பனை என்றால், விற்றவர் 14 நாட்களுக்குள் வண்டியை விற்றுவிட்டதாக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தான் குடியிருக்கும் பகுதியின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெயர் மாற்றம் வாங்கியவர் வேலை, நமக்கென்ன என்று விற்றவர்கள் இருந்துவிடுகிறார்கள். உண்மையில் பெரிய அடி விழக்கூடியது அவர்களுக்குத்தான்.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் இதைத் தெளிவாகவே சொன்னது. அந்த வழக்கில் ஒரு கார் பல கை மாறியிருந்தது, ஆனால் பதிவேட்டில் பெயர் மாறவில்லை. விபத்து நடந்த நாளில் யார் பெயரில் பதிவு இருந்ததோ அவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்பது தீர்ப்பு. எப்போதோ விற்றுவிட்டேன் என்ற வாதம் எடுபடவில்லை. பைக்குக்கும் இதே சட்டம்தான். வாங்கியவர் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்காமல் ஓட்டி யார் மீதாவது இடித்தால், நஷ்ட ஈடு கேட்டு நோட்டீஸ் விற்றவர் வீட்டுக்கு வரும். பதினெட்டு வயது ஆகாத பையன் ஓட்டிப் பிடிபட்டாலும் அப்படித்தான். 2019-இல் சேர்த்த 199ஏ பிரிவு பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் மீது 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க இடம் தருகிறது.

இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டி எண், விலை, ஒப்படைத்த தேதி, மணி வரை எழுதி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது. அன்றைக்கே அந்த வண்டியால் ஒரு பிரச்சினை வந்தால், எந்த நேரத்தில் அது யார் கையில் இருந்தது என்று காட்ட உதவும். ஆனால் அதனால் உரிமை மாறாது. ஆர்.சி.யில் பெயர் மாறினால்தான் மாறியது.

பணம் கொடுக்கும் முன்பு

மத்திய அரசின் பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, பதிவு எதுவரை செல்லும், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, கடன் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். அபராத சலான் பாக்கி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பாக்கி இருந்தால் விண்ணப்பம் பாதியிலேயே நின்றுவிடும். அதைக் கட்ட வேண்டியவர் விற்பவர்தான் என்பதைப் பேரம் பேசும்போதே சொல்லிவிடுவது நல்லது. அப்புறம் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலான பைக்குகளில் சேசிஸ் எண் ஹேண்டில்பாருக்குக் கீழே, கழுத்துப் பகுதியில் இருக்கும். சுரண்டின தடம், வெல்டிங், திரும்ப அடித்த மாதிரி எழுத்து இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

விற்பவர்தானா ஆர்.சி.யில் உள்ளவர் என்பதை ஆதாரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். "நானும் போன வருஷம்தான் வாங்கினேன், பேர் மாத்தலை" என்றால், பழைய உரிமையாளரைக் கூட்டிவரச் சொல்லுங்கள். நடுவில் உள்ளவர் தரும் பழைய கையெழுத்து ஃபார்மை நம்பி முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.

பதிவு செய்து 15 ஆண்டு ஆகப்போகிற வண்டி என்றால் கணக்கு வேறு. 15 ஆண்டு முடிந்ததும் ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. புதுப்பித்தால் ஐந்தாண்டு செல்லும். இந்தச் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

கடன் முடிந்தும் முடியாத வண்டி

பெயர் மாற்றம் அதிகம் சிக்குவது இங்கேதான். டியூ எல்லாம் கட்டி முடித்திருப்பார்கள், ஆனால் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் அப்படியே இருக்கும். கடைசித் தவணை கட்டினாலும் அது தானாக நீங்கிவிடாது. கடன் கொடுத்தவர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ஃபார்ம் 35-ஐயும் கடன் பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் (என்.ஓ.சி.) வைத்து ஹெச்.பி. கேன்சல், அதாவது ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்க வேண்டும். கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உரிமையாளர் பெயரை மாற்றக் கூடாது என்பது 51-வது பிரிவு. "என்.ஓ.சி. ரெண்டு நாள்ல வாங்கித் தரேன்" என்ற வாக்குறுதியில் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு அலைகிறவர்கள் ஏராளம். கடிதம் கைக்கு வரும்வரை பெருந்தொகையைப் பிடித்து வைப்பதில் தப்பே இல்லை. இதைக் கேட்டு விற்பவர் கோபப்பட்டால் வேறு வண்டி பாருங்கள்.

ஃபார்மும் அலுவலகமும்

முக்கியமானவை இரண்டு. ஃபார்ம் 29 என்பது விற்றவர் தரும் அறிவிப்பு, இரண்டு பிரதி வேண்டும். ஃபார்ம் 30 இருவரும் கையெழுத்திடும் விண்ணப்பம். இவற்றோடு அசல் ஆர்.சி., நடப்பு இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, வாங்குபவரின் முகவரிச் சான்று ஆகியவை போகும். சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரிண்ட்டும் கேட்பார்கள்.

விற்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெற்று ஃபார்மில் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்குபவர் பெயரும் தேதியும் நிரப்பியபின் போடுங்கள், போட்டதைப் படம் எடுத்து வையுங்கள். வெற்றுக் கையெழுத்தோடு போன வண்டி அடுத்து யாரிடம் போனது என்று உங்களால் சொல்லவே முடியாது.

விண்ணப்பத்தைப் பரிவாகனின் வண்டிப் பதிவுப் பகுதியான வாகன் தளத்தில் பதிந்து கட்டணத்தையும் அங்கேயே கட்டலாம். இரு சக்கர வண்டிக்கு மத்திய விதிப்படி பெயர் மாற்றக் கட்டணம் 150 ரூபாய். அட்டைக்கும் சேவைக்கும் தனியாகக் கொஞ்சம் சேரும். புரோக்கர் கேட்கும் ஆயிரங்களை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓ.டி.பி. ஆர்.சி.யில் பதிவான மொபைல் எண்ணுக்குப் போவதால், விற்றவர் பக்கத்தில் இருக்கும்போதே பதிவை முடிப்பது உத்தமம். பழைய எண் மாறியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். விற்றவர் ஊர் மாறிப் போனபிறகு இதற்காக அவரைத் தேடுவது பெரும்பாடு.

மதுரையில் பதிவான வண்டியைத் திருப்பூர்க்காரர் வாங்கினால் திருப்பூரிலேயே விண்ணப்பிக்கலாம், எண் மாறாது. புதுச்சேரி, கர்நாடகப் பதிவு வண்டி என்றால் அங்கிருந்து ஃபார்ம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். விலை குறைவு என்று பி.ஒய். (புதுச்சேரிப் பதிவு) வண்டி வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

உரிமையாளர் இறந்துபோன வண்டிக்கு வழி வேறு. வாரிசு 30 நாட்களுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் ஃபார்ம் 31 கொடுத்து, முதலில் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு விற்க முடியும். இறந்தவர் முன்பே போட்ட கையெழுத்தை வைத்து நகர்த்தலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கன்சல்டிங்கில், அதாவது பழைய வண்டி விற்கும் டீலரிடம், வண்டியை விட்டு விற்பவர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஒரு பாதுகாப்பு வந்திருக்கிறது. அங்கீகாரச் சான்று பெற்ற டீலரிடம் ஃபார்ம் 29சி மூலம் ஒப்படைத்தால், விற்கும்வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டு வண்டியை விடுங்கள்.

இன்ஷூரன்ஸ்

157-வது பிரிவுப்படி வண்டியோடு பாலிசியும் மாறியதாகக் கருதப்படும். ஆனாலும் வாங்கியவர் 14 நாட்களுக்குள் கம்பெனிக்குத் தெரிவித்துப் பெயரை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், உங்கள் வண்டிக்கே ஆன சேதத்துக்கோ திருட்டுக்கோ கேட்கும்போது மறுத்துவிடுவார்கள். நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, வண்டிக்கு உரியது கிடையாது, விற்றவருக்கு உரியது. பெயர் மாற்றும்போது அந்தத் தள்ளுபடி அளவுக்கு மீதிக் காலத்துக்கான பிரீமியத்தை நீங்கள் கட்ட வேண்டிவரும். விற்றவர் அதைத் தன் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

புதிய ஆர்.சி. அட்டை தமிழ்நாட்டில் இப்போது ஸ்பீடு போஸ்ட்டில் வீட்டுக்கே வருகிறது. வந்ததும் பெயரின் எழுத்து, முகவரி, சேசிஸ் எண் எல்லாம் சரியா, ஃபைனான்ஸ் பெயர் நீங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு நகலை விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.