‘அமானுஷ்யம்’ வேண்டாம், ‘மருட்சி’ போதும்

சிறுநகரம் ஒன்றில் நடக்கும், பெரிய நிறுவனம் எதுவும் பணம் போடாத திகில் மர்மப் படம். அதைப் பற்றித் தமிழில் வரும் குறிப்பு எதை எடுத்தாலும் முதல் வரியிலேயே ‘அமானுஷ்யம்’ வந்து உட்கார்ந்துவிடுகிறது. அமானுஷ்யமான தெரு, அமானுஷ்யமான அமைதி. ‘அமானுஷ்யமான புன்னகை’ என்றுகூட ஒரு விமர்சனத்தில் படித்துத் தொலைத்தேன். இனம்புரியாத அச்சம் தருவதைச் சொல்லும் ‘ஈரி’ (eerie) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இதுதான் தமிழாம்.

‘ஈரி’ வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வழங்கிய சொல். முதலில் அஞ்சுகிறவனைக் குறித்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அஞ்சவைக்கும் இடத்துக்குத் தாவியது. எதனால் அச்சம் என்று அது சொல்வதில்லை. அமானுஷ்யமோ வடசொல், மனிதத் தன்மைக்கு அப்பாற்பட்டது என்று பொருள். அது உணர்ச்சியின் பெயரே அல்ல, செய்தவர் யார் என்ற தீர்ப்பு. செய்தது பக்கத்து வீட்டுக்காரரா, பேயா, நாயகியின் மனமா என்று படம் முழுக்கக் கட்டிக்காக்கும் முடிச்சை, இந்த ஒரு சொல் போஸ்டரிலேயே அவிழ்த்துவிடுகிறது.

அமெரிக்க இயக்குநர் ஹெர்க் ஹார்வி எடுத்த ஒரே முழுநீளக் கதைப்படம், 1962இல் வெளிவந்த ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’. அதில் நாயகி துணிக்கடையில் உடை மாற்றிக்கொண்டு வெளியே வருகிறாள். கடைக்காரப் பெண் அவளைக் கண்டுகொள்வதில்லை. அவள் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. சுற்றியிருந்த சத்தமெல்லாம் அடங்கிவிடுகிறது. பட்டப்பகல், கடை நிறையச் சாதாரண மனிதர்கள்; அந்தக் காட்சியில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. இதில் அமானுஷ்யம் எங்கே இருக்கிறது?

தனித்தமிழ் அன்பர்கள் ‘மீயியற்கை’, அதாவது இயற்கைக்கு மேற்பட்டது, என்கிறார்கள். சொல் தமிழானது, பிழை அப்படியே இருக்கிறது. வருத்தி அச்சுறுத்தும் தெய்வத்தைக் குறித்த பழஞ்சொல்லான ‘அணங்கு’ வேண்டும் என்பவர்களின் வாதம் இன்னும் வலுவானது. அச்சம் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியத்தில் உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பேசும் மெய்ப்பாட்டியல் ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறை’ (அணங்கு, விலங்கு, கள்வர், தம் தலைவர்) என நான்காக வகுக்கிறது. அணங்குதான் முதலில் நிற்கிறது. குறுந்தொகையில் ‘யார் அணங்குற்றனை கடலே’ (யாரால் வருத்தப்பட்டாய், கடலே) என்ற கேள்வியும் இருக்கிறது. அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் ‘தமிழணங்கே’ என்று பள்ளியில் தினமும் பாடி வளர்ந்தவரிடம் ‘அணங்குப் படம்’ என்றால் அவர் பேயையா நினைப்பார்? கதாநாயகியைத்தான் தேடுவார். வள்ளுவர் காலத்திலேயே ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’ என்று அது பெண்ணழகின் பக்கம் சாய்ந்தாயிற்று. சொல்லை மீட்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் அது இப்போது எங்கே குடியிருக்கிறது என்பதையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். தவிர, தொல்காப்பியப் பட்டியலிலும் அணங்கு அச்சத்தின் காரணம்தான், மீண்டும் தீர்ப்பு.

எனக்கு ‘மருட்சி’ போதும். மருள் என்றால் மயக்கம், தெளிவின்மை. மருளுதல் என்றால் அஞ்சுதலும்தான். ஈரிக்கு வேண்டிய இரண்டும் ஒரே வேரில் கிடைக்கின்றன. தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளிலும் அதே வேரிலிருந்து வரும் மருட்கைக்கு அடுத்தே அச்சம் வருகிறது. உரைகாரர்கள் மருட்கையை வியப்பு என்பார்கள், இருக்கட்டும். ‘மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்ற பழமொழியைப் பாருங்கள்: முதலில் மருட்சி, பிறகுதான் பேய். நம் மொழிபெயர்ப்பாளர்கள் பேயை முதலில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ‘மருட்டும் அமைதி’, ‘மருட்டும் தெரு’ என்று எழுதினால் யாருக்குப் புரியாது?

இவர்களேதான் பெரிய நிறுவனப் பணமில்லாத இந்த வகைப் படத்தைச் ‘சுதந்திரத் திரைப்படம்’ என்றும் எழுதுகிறார்கள், ஏதோ உப்புச் சத்தியாகிரகம் பற்றிய படம்போல. ‘சுயாதீனத் திரைப்படம்’ என்று நல்ல வழக்கு இருக்கிறது. அதுவும் வடசொல்தான், ஆனால் பொருள் கெடவில்லை.

பேய் உண்மையிலேயே வந்து கதவைத் தட்டுகிற படத்துக்கு ‘அமானுஷ்ய’த்தை வைத்துக்கொள்ளுங்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.