மூடி இல்லாத பறி

காங்கேயம், தாராபுரம் பக்கத்துப் பழைய தோட்டங்களில், சில கிணற்று மேட்டில் இன்னும் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அங்கிருந்து சரிந்து இறங்கும் மண்தடத்தில் இப்போது புல் மண்டியிருக்கும். அதுதான் வாரி; மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டிய இடம். பள்ளிப் புத்தகத்தில் தனித்தனிப் படமாகப் பார்த்த கப்பியும் சாய்தளமும் இங்கே ஒன்றாக வேலை செய்தன.

கப்பியில் பெரிய சூட்சுமம் இல்லை. தண்ணீர் அள்ளும் பெரிய பாத்திரம்தான் பறி; அதில் கட்டிய வடக்கயிறு, கப்பியான மேல் உருளை வழியாக வந்து நுகத்தடியில் முடியும். நிலையான கப்பி பாரத்தைக் குறைக்காது. 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ இழுவை வேண்டும், உராய்வுக்குக் கொஞ்சம் கூடுதலாக. கப்பி திசையை மட்டும் மாற்றும். மாட்டுக்குத் தூக்கத் தெரியாது, நடக்கத் தெரியும், அது போதும்.

வாரிதான் யோசிக்க வைக்கும். சாய்தளம் என்றால் பாரத்தை மேலே ஏற்றத்தான் என்று படித்திருக்கிறோம். இங்கே மாடு கீழே இறங்குகிறது. ஜோடி மாடு 600 கிலோ, வாரி ஆறடி நடந்தால் ஓரடி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எடையில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 100 கிலோ, சரிவோடு தானாக இழுக்கும். மாடு காலை ஊன்றித் தரவேண்டியது மீதி 50தான். ஓட்டுகிறவர் வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வதும் காரணமாகத்தான்: உயரத்திலுள்ள உருளையை நோக்கிப் போகும் வடம் நுகத்தை மேலே கிளப்பப் பார்க்கும், அவர் எடை அதை அமுக்கிப் பிடிக்கும். (கால் நோகாமல் போகலாம் என்பதும் உண்டு.)

அந்த 100 கிலோ இனாம் இல்லை. வெறும் பறி இறங்கும்போது மாடு பின்னுக்கு நடந்து, தன் உடம்பையே மேட்டில் ஏற்ற வேண்டும். இறங்கும்போது கிடைக்கும் உதவிக்கு ஏறும்போதே விலை கொடுத்தாகிவிடுகிறது.

10 மீட்டர் ஆழத்திலிருந்து நிமிடத்துக்கு ஒரு பறி என்றால், கணக்குப்படி சுமார் 250 வாட். 5 குதிரைத்திறன் மோட்டார் 3,700 வாட்டுக்கு மேல். 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின்நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு, கரண்ட் வந்த தோட்டங்களில் கவலை ஒவ்வொன்றாக நின்றதில் வியப்பில்லை.

எனக்குப் பிடித்தது பறியின் வால்தான். பறிக்கு அடியில் தோல்குழாய் ஒன்று தொங்கும். இரண்டு பக்கமும் திறந்த வாய். அப்படியிருந்தும் கிணற்றுக்குள் தண்ணீர் ஒழுகாது. வாலின் நுனியில் கட்டிய மெல்லிய வால்கயிறு அதை மேலே மடித்து, பறியின் விளிம்புக்குச் சமமாகப் பிடித்திருக்கும். ஒன்றோடொன்று இணைந்த பாத்திரங்களில் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். வாலுக்குள் ஏறும் தண்ணீர் பறியின் மட்டத்தைத் தாண்டாது. கொத்தனார் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயில் மட்டம் பார்ப்பதும் இதே விதிதான்.

இரண்டு கயிறும் ஒரே நுகத்தில் கட்டியிருப்பதால் வாலும் பறியும் சேர்ந்தே ஏறும். ஆனால் வால்கயிறு, கிணற்று மேட்டில் தண்ணீர் கொட்டும் தொட்டியின் ஓரத்திலுள்ள கீழ் உருளை மேல் போகிறது. வால் அங்கே வந்ததும் தொட்டிப் பக்கம் நீண்டு படுத்துக்கொள்ளும். பறி மட்டும் மேல் உருளையை நோக்கி இன்னும் ஏறும். வாலின் வாய் பறிக்குக் கீழே போனதும் தண்ணீர் மொத்தமும் தொட்டியில் கொட்டிவிடும். பக்கத்தில் ஆள் நின்று கவிழ்க்க வேண்டியதில்லை.

கயிற்றளவுதான் முக்கியம். வால்கயிறு நாள்பட இழுபட்டு ஒரு சாண் நீண்டாலும் வாலின் வாய் தாழ்ந்து, தண்ணீர் பாதி வழியிலேயே கிணற்றுக்குள் ஊற்றும். அந்தச் சத்தம் கேட்டதும் ஓட்டுகிறவர் மாட்டை நிறுத்தி முடிச்சை அவிழ்த்து இழுத்துக் கட்டுவார்.