சாய்கானாவுக்குத் தமிழ் என்ன?

என் சித்தி துருக்கிக்குச் சுற்றுலா போய்வந்தார். மீன், கோழி எதையும் தொடாதவர். பத்து நாளும் எப்படிச் சமாளித்தார் என்று கேட்டேன். "இஸ்தான்புல்ல ஒரு சந்துக்குள்ள சின்னதா ஒரு சாய்கானா இருந்துதுப்பா. திண்டு போட்டு உக்கார வச்சு, சைவமாவே குடுத்தாங்க. பேர்லயே இருக்கே, சாய், கானான்னு. டீயும் சாப்பாடும்" என்றார்.

‘சாய்’ சரிதான். ‘கானா’வில்தான் சித்தி சறுக்கிவிட்டார். நம்மில் பலரும் அப்படித்தான் எண்ணிக்கொள்கிறோம். இந்தியில் சாப்பாட்டைக் குறிக்கும் கானா வேறு, பாரசீகத்தில் வீட்டைக் குறிக்கும் கானா வேறு. முன்னதில் ககரம் மூச்சை அழுத்தி வெடிக்கும். பின்னதில் தொண்டையை உரசிக்கொண்டு வரும். சென்னையின் கானாப் பாட்டில் இருப்பது இவை இரண்டும் அல்லாத மூன்றாவது சொல், பாடுவதைக் குறிப்பது. தமிழில் எழுதும்போது மூன்றும் ஒரே உருவம் கொள்வதால் வந்த குழப்பம் இது. சாய்கானா என்றால் தேநீர் வீடு. சாப்பாடு கிடைப்பதும் கிடைக்காததும் அந்தந்த வீட்டைப் பொறுத்தது.

வீடு என்னும் பொருள் கொண்ட இந்தக் கானா நமக்குப் புதிதல்ல. வேலூர், ஆம்பூர்ப் பக்கம் தொழிற்கூடத்தைக் கார்கானா என்பார்கள். கார் என்றால் வேலை. வேலை நடக்கும் வீடு. யூனானி மருந்தகத்தின் பெயர்ப்பலகையில் தவாகானா என்றிருக்கும், மருந்து வீடு. சென்னையில் 1884இல் தொடங்கிய ஜிம்கானா கிளப்பின் பெயரிலும் இதே கானாதான். பந்து வீடு என்னும் பொருள்கொண்ட இந்துஸ்தானிச் சொல்லே ஆங்கிலேயர் நாக்கில் இப்படித் திரிந்தது என்பார்கள்.

துருக்கியர் இதை ஹானே என்று ஒலிக்கிறார்கள். பாரசீகத்திலிருந்து கடன் வாங்கிய சொல் என்றாலும் சொந்தச் சொல் போலவே ஆகிவிட்டது. நோயாளிக்கு அங்கே ஹஸ்தா என்று பெயர், மருத்துவமனை ஹஸ்தானே. அஞ்சலகம் போஸ்தானே. மருந்துக்கடை எஜ்ஸானே. கேக், பிஸ்கட் விற்கும் இடம் பாஸ்தானே. வாயில் புழங்கிப் புழங்கி இவற்றிலெல்லாம் ஹகரம் தேய்ந்துவிட்டது. சாய்ஹானேயில் தேயவில்லை. ஒரு காரணம், அந்தச் சொல்லே அங்கே அத்தனை புழக்கத்தில் இல்லை என்பதாக இருக்கலாம். உஸ்பெக்கிஸ்தான், தஜிகிஸ்தான் பக்கம்தான் ‘சாய்கானா’ ஊருக்கு ஊர் காணும் பெயர். தஜிகிஸ்தானின் துஷான்பே நகரம் அமெரிக்காவின் போல்டர் நகருக்கு இப்படி ஒரு தேநீர் வீட்டையே பரிசாகக் கொடுத்தது. தஜிக் கைவினைஞர்கள் செதுக்கிய தூண்களும் வண்ணக் கூரையுமாக அது 1998இல் திறக்கப்பட்டது.

துருக்கித் தெருவில் கேட்பவை வேறு பெயர்கள். சாய் எவி என்பதில் எவ் என்றால் துருக்கியரின் சொந்த மொழியில் வீடு. சாய் பாச்செசி, மரத்தடியில் மேசை நாற்காலி போட்ட தேநீர்த் தோட்டம். சாய் ஓஜாயி, கடைத்தெரு மூலையில் ஒரே ஓர் ஆள் நின்று தேநீர் போடும் சிறு அடுப்படி; ஓஜாக் என்றால் அடுப்பு. இவற்றோடு கிராஅத்ஹானே என்று ஒன்று உண்டு. தமிழ் முஸ்லிம்களுக்கு முதல் பாதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குர்ஆனை ஓதுவதைக் கிராஅத் என்பவர்கள் அவர்கள். அரபியில் அதற்கு வாசிப்பு என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் செய்தித்தாளும் நூலும் வைத்து, காப்பி கொடுத்து, படிக்க வருவோரை உட்காரவைத்த வாசிப்பு வீடுகள் அவை. இன்று அந்தப் பெயர்ப்பலகையின் கீழ் பெரும்பாலும் சீட்டாட்டம்தான் நடக்கிறது. பெயர் மட்டும் வாசிப்பை விடவில்லை.

இனி, சாய். சீனாவில் இந்த இலைக்கு இரண்டு ஒலிப்புகள். பெரும்பாலான பகுதிகளில் ச்சா. ஃபூஜியன் கரையோரத்தில் தே. தரைவழியாகப் போன வணிகர்கள் ச்சாவைக் கொண்டுபோனார்கள். அது பாரசீகத்தில் ச்சாய் ஆகி, துருக்கிக்கும் அப்படியே போனது. ஃபூஜியனில் சரக்கேற்றிய டச்சுக் கப்பல்கள் தேயைக் கொண்டுவந்தன. நம் தேயிலையும் தேநீரும் இந்தக் கடல்வழிச் சொல்லில் முளைத்தவை. ஈழத்தின் தேத்தண்ணியும் அதுவே. ஆனால் தமிழ் அதோடு நிற்கவில்லை. நம் கரையோர முஸ்லிம் ஊர்களில் கேட்கும் ‘சாயா’ ச்சாவின் குடும்பம். இரண்டு வழியாக வந்ததையும் வாங்கி வைத்துக்கொண்ட மொழி நம்முடையது. ஆகவே ‘சாய்’ நமக்கு அன்னியம் என்று யாரும் சொல்ல முடியாது.

துருக்கி இவ்வளவு தேநீர் குடிக்கத் தொடங்கி நூறாண்டுகூட ஆகவில்லை என்றால் பலர் நம்புவதில்லை. அதற்கு முன் அது காப்பி நாடு. உதுமானியப் பேரரசு சிதைந்து, காப்பி விளைந்த ஏமன் கைவிட்டுப் போனது. காப்பியை வெளியில் விலை கொடுத்து வாங்கவேண்டி வந்தது. புதிய குடியரசு 1924இல் கருங்கடல் ஓரத்து ரீசே பகுதியில் தேயிலை பயிரிட ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஸிஹ்னி தெரின் என்ற வேளாண் அறிஞர் விடாமல் முயன்றார். எல்லைக்கு அப்பால், ஜார்ஜியாவின் பாத்தூமியிலிருந்து விதை வந்தது. 1947இல் ரீசேயில் முதல் தேயிலைத் தொழிற்சாலை எழுந்தது. காப்பிக் காலத்தின் தடம் மொழியில் இன்னும் நிற்கிறது. காலை உணவுக்கு அங்கே கஹ்வால்ட்டி என்று பெயர்; காப்பிக்கு முன் வயிற்றில் போடுவது என்று பொருள். அந்த மேசையில் இன்று இருப்பதோ தேநீர்.

அந்தத் தேநீரைப் போடும் பாத்திரம் இரண்டடுக்கு, நம் இட்லிக் கொப்பரை மாதிரி ஒன்றின்மேல் ஒன்று. கீழ் அடுக்கில் தண்ணீர் கொதிக்கும். மேலடுக்கில் இலையைப் போட்டுக் கொதிநீர் ஊற்றி, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கீழிருந்து வரும் ஆவியிலேயே ஊறவிடுவார்கள். இறங்கிய சாற்றுக்குத் தெம் என்று பெயர். நாம் டிக்காஷன் என்போமே, அதுதான். குவளையில் கொஞ்சம் தெம், மிச்சம் வெந்நீர். பால் கிடையாது. நல்ல தேநீரின் நிறத்தை முயல் ரத்தம் என்று வர்ணிக்கிறார்கள். குவளைக்குக் கைப்பிடி இல்லை. உடுக்கையைப் போல இடை சிறுத்திருக்கும். விளிம்புவரை ஊற்றமாட்டார்கள். மேலே ஒரு விரற்கிடை விட்டுவைப்பார்கள். சூடு தாக்காமல் விரலால் பிடிக்கவும் உதடு வைக்கவும் அந்த இடம் வேண்டும். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘உதட்டின் பங்கு’. போதும் என்றால் வாய் திறக்க வேண்டியதில்லை. கரண்டியைக் குவளையின் வாய்மேல் குறுக்கே வைத்துவிட்டால் சாய்ஜி மறுபடி ஊற்றமாட்டார்.

சாய்ஜி, தேநீர் கொடுப்பவர். இந்த ‘ஜி’ இந்திக்காரர்களின் மரியாதை ஜி அல்ல. தொழிலைக் காட்டும் துருக்கிய விகுதி. நம் சங்கங்களில் பொருளாளர் என்ற பெயர் வருமுன் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாரே கஜாஞ்சி, அவர் தலையிலும் இதே விகுதிதான். கஜானாவைக் காப்பவர் கஜாஞ்சி.

துருக்கியில் இந்த விகுதி சைவச் சாப்பாட்டுக்குள்ளும் நுழைகிறது. யலான் என்றால் பொய்; யலாஞ்சி, பொய்யர். திராட்சை இலையில் அரிசியும் பைன் கொட்டையும் உலர்ந்த சிறு திராட்சையும் வைத்துச் சுருட்டி, இறைச்சியே சேர்க்காமல் செய்வதை யலாஞ்சி தொல்மா என்பார்கள். தொல்மா என்றால் உள்ளே நிரப்பியது. கறி இருப்பதுபோல் காட்டிக்கொண்டு இல்லாமல் இருப்பதால் பொய்யர். தமிழில் பொய்த் தொல்மா என்று தயங்காமல் சொல்லலாம்; பொய்க்கால் குதிரையும் பொய்முடியும் நம்மிடம் இருக்கின்றன. மறுபக்கம், நாம் பரோட்டாவுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஜிடபிள் குருமா துருக்கிய வேர்ச்சொல். கவுர்மா என்றால் வறுத்தது. அங்கே அது வறுத்த இறைச்சி. நம் ஊரில் காலிஃபிளவரும் பட்டாணியும். கொத்தியது என்னும் பொருள்கொண்ட கிய்மாவும் கைமா இட்லியாகச் சைவம் ஆகிவிட்டது.

சைவம் என்ற சொல்லை அங்கே கொண்டுபோய் வைப்பதில்தான் சிக்கல். எத்ஸிஸ் என்றால் இறைச்சி இல்லாதது. ஆனால் பேச்சு வழக்கில் எத் என்பது ஆடு, மாட்டைத்தான் குறிக்கிறது. கோழி பலருக்கு அந்தக் கணக்கில் வராது. சித்தி ஓர் உணவகத்தில் ‘எத்ஸிஸ்’ என்று தெளிவாகச் சொல்லியும் கோழிச் சாற்றில் வெந்த பிலாவ்தான் வந்தது. கோழி, மீன், இறைச்சிச் சாறு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டாம் எனவேண்டும். நம்பிக் கேட்கலாம் என்றால், ஸெய்த்தின்யாலி என்ற வகை. ஆலிவ் எண்ணெயில் காய்கறியை மெல்ல வேகவைத்து ஆறவைத்துப் பரிமாறுவது. இமாம் மயங்கினார் என்று பெயர்கொண்ட கத்தரிக்காயும் இந்த வகையே. நம் எண்ணெய்க் கத்தரிக்காயின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று சித்தி அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்.

சரி, சாய்கானாவுக்குத் தமிழ் என்ன? தேநீர்க்கடை பொருந்தாது. கடை விற்கும் இடம். நின்றபடி குடித்துக் காசு கொடுத்துப் போவது. தேநீர் விடுதி என்றால் தங்கலாமோ என்று தோன்றும். தேநீரகம் பரவாயில்லை, ஆனால் எதற்கெடுத்தாலும் ‘அகம்’ ஒட்டி அந்த விகுதி களைத்துவிட்டது. ஹானேக்கு நேர் நிற்கும் சொல் மனை. ஹஸ்தானே நமக்கு மருத்துவமனை, கார்கானா பணிமனை. அதே அச்சில் வார்த்தால் தேநீர்மனை. வீடும் இருக்கிறது, உட்காரவைக்கும் வீட்டுக்காரரும் இருக்கிறார். இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதவேண்டும். சாய் பாச்செசியைத் தேநீர்த் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டமோ என மயங்குவார்கள். தேநீர்ச் சோலை எனலாம். துருக்கி, உஸ்பெக் சூழலைக் காட்டி எழுதும்போது சாய்கானாவையே வைத்துக்கொள்வதிலும் குற்றமில்லை.

சித்தியிடம் சொன்னேன். புகைப்படத் தொகுப்பை எடுத்து, திண்டில் சாய்ந்து தான் உட்கார்ந்திருக்கும் படத்தின் கீழ் எழுதியிருந்ததை அடித்துவிட்டு எழுதினார்: ‘இஸ்தான்புல், தேநீர்மனை. ஐந்து குவளை குடித்தேன். கரண்டி விஷயம் அப்போது தெரியாது.’