மைலேஜ் குறைந்ததும் பம்பைத் திருப்பாதீர்கள்

"வண்டி டீசல் குடிக்குது, கொஞ்சம் டைமிங் ஏத்தி வைங்க" என்று கேட்டுக்கொண்டு வரும் ஓனர்களுக்கு கடலூர், புதுச்சேரி பட்டறைகளில் பஞ்சமில்லை. டைமிங் என்பது இன்ஜெக்ஷன் பம்பு சிலிண்டருக்கு டீசலை அடிக்கும் நேரம்; ஏற்றுவது என்றால் அதை முன்கூட்டி வைப்பது. ஆனால் அது தானாக நகராது. பம்பை இன்ஜினோடு இணைக்கும் கப்ளிங் போல்ட் தளர்ந்திருக்க வேண்டும், டைமிங் கியர் தேய்ந்திருக்க வேண்டும், இல்லை யாரோ ஒருவர் ஏற்கெனவே பம்பைத் திருப்பியிருக்க வேண்டும். அதனால் பார்க்க வேண்டியவற்றில் அதற்குக் கடைசி இடம்தான். இங்கே சொல்வதெல்லாம் பம்பிலிருந்தே சிலிண்டருக்கு ஒரு பைப் போகும் பழைய இன்லைன் பம்பு வண்டிகளுக்கு. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் இங்கே சொல்லும் பம்பு, இன்ஜெக்டர் வேலை எதையும் செய்யக் கூடாது.

முதலில் மைலேஜ் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைவு என்று ஒரு தடவை புதுச்சேரி எல்லையில் முள்ளோடைப் பக்கம், மறு தடவை ஊருக்குள் என்று டீசல் போட்டால் கணக்கு உதவாது. ஒரே பங்க், அங்கே ஒரே மெஷின், வண்டி சமமாக நிற்க வேண்டும், டேங்க் ஃபுல். 412 கிலோமீட்டர் ஓடி மறுபடி நிரப்ப 103 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 4. லோடையும் கூடவே எழுதி வையுங்கள். டயர் அளவு மாற்றியிருந்தால் மீட்டரே பொய் சொல்லும். பெரிய டயர் போட்டால் மீட்டர் குறைவாக ஓடும், மைலேஜும் குறைந்த மாதிரி தெரியும். கிலோமீட்டர் கல்லை வைத்து ஒரு 20 கிலோமீட்டர் சரிபார்த்தால் போதும்.

அடுத்து சக்கரம். மீன் லோடு அடிக்கும் வண்டிகளில் உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி பிரேக் ரிட்டர்ன் ஸ்பிரிங்கும் அட்ஜஸ்டரும் துருப்பிடிக்கும். பிரேக் முழுசாக விடாது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஒவ்வொரு டிரம் பக்கமும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் டீசல் அங்கேதான் போகிறது. நெய்வேலிப் பக்கம் சாம்பல் லோடு ஓடும் வண்டி என்றால் ஏர் ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். டீசல் டேங்கின் அடித்தண்ணீரையும் வடித்துவிடுங்கள். கடற்கரை ஊரில், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில், அது தேங்கத்தான் செய்யும்.

நம் ஊரில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: ஹீட் ஆகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. கழற்றினால் இன்ஜின் சூடேறவே நேரமாகும், பாதி தூரம் குளிர்ந்த இன்ஜினாகவே ஓடும். டீசல் சரியாக எரியாது, லைனரும் சீக்கிரம் தேயும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழி திறந்தே கிடப்பதால் ஹீட்டும் தீராது. டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறி டீசல் வாடை அடித்தால் அது தனி ஆபத்து. டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பிலோ இன்ஜெக்ஷன் பம்பின் எலிமென்டிலோ டீசல் கசிந்து, இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்பில் இறங்குகிறது. மைலேஜ் மட்டும் இல்லை, பேரிங்கும் போகும்.

இனி புகை. கறுப்பு என்றால் காற்று குறைவு அல்லது டீசல் அதிகம். வெள்ளை என்றால் எரியாத டீசல்: கம்ப்ரஷன் குறைவாகவோ டைமிங் தாமதமாகவோ இருக்கலாம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ஐட்லிங்கில் இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. இன்ஜெக்டர்களைக் கழற்றி டெஸ்டரில் போடும்போது, திறக்கும் அழுத்தம் அந்த இன்ஜினின் மேனுவல்படி இருக்க வேண்டும். அதற்கு 20 பார் கீழே 10 வினாடி நிறுத்தினால் நுனியில் சொட்டு விழக் கூடாது. ஸ்பிரிங் தளர்ந்து அழுத்தம் இறங்கிய நாசில் சீக்கிரமே திறந்து தட்டும். அந்தத் தட்டல் சத்தத்தைக் கேட்டு டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினால் இருக்கிற இழுவையும் போய்விடும். பழைய செம்பு வாஷர் மேலேயே புதியதைப் போடாதீர்கள், நுனி உயர்ந்து ஸ்பிரே தப்பான இடத்தில் அடிக்கும். ஸ்பிரேக்குக் குறுக்கே விரலை நீட்டினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வால்வுக்கும் ராக்கருக்கும் (வால்வை அழுத்தும் கை) இடையிலான டேப்பட் கேப்பும் சரி என்றான பிறகுதான் டைமிங். சக்கரத்துக்குக் கட்டை, கியர் நியூட்ரல், பேட்டரி ஒயர் கழற்றியாக வேண்டும். முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் மேலே வரும்போது அதன் இரண்டு ராக்கரும் ஆடும். ஆறு சிலிண்டரில் ஆறாவதும், நாலு சிலிண்டரில் நாலாவதும் ஓவர்லாப்பில், அதாவது இரண்டு வால்வும் சற்றே திறந்த நிலையில், இருக்கும். பம்பில் முதல் சிலிண்டர் பைப் மாட்டும் இடத்திலுள்ள டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு ஹோல்டரைத் திரும்ப மாட்டி, வளைந்த பைப் ஒன்றைப் போடுங்கள். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக்கை மேனுவல் சொல்லும் நிலையில் வையுங்கள். சில பம்புகளில் டீசலைத் தள்ளும் பிளஞ்சரில் ஸ்டார்ட்டிங்குக்கென்று தாமத வெட்டு உண்டு. ரேக் அங்கே நின்றால் சரியான டைமிங்கும் தாமதமாகவே காட்டும்.

இன்ஜினைக் கால் சுற்று பின்னுக்குக் கொண்டுபோனால் வளைந்த பைப்பில் டீசல் ஒழுகும். ஓடும் திசையில் மெல்லத் திருப்பிக்கொண்டே வாருங்கள். ஒழுக்கு அறுந்து சொட்டாகி, அடுத்த சொட்டுக்குக் காத்திருக்க வேண்டிவரும் இடத்தில் நிறுத்துங்கள். பம்பு டீசலை அடிக்கத் தொடங்கும் இடம் அதுதான். ஃபிளைவீலின் இன்ஜெக்ஷன் மார்க் அங்கே முள்ளுக்கு நேராக நிற்க வேண்டும். தாண்டிவிட்டால் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுத்துச் சரிசெய்யாதீர்கள், கியர் ஆட்டம் கணக்கைக் கெடுக்கும். மறுபடி கால் சுற்று பின்னே போய் வாருங்கள். மார்க் அழிந்திருந்தால் புல்லியில் அளக்கலாம். 300 மில்லிமீட்டர் விட்டம் என்றால் சுற்றளவு 942, டிகிரிக்கு 2.6 மில்லிமீட்டர்.

மார்க் வருவதற்கு முன்பே ஒழுக்கு நின்றால் அட்வான்ஸ் (டைமிங் முந்தியது), தாண்டி நின்றால் ரிடார்ட் (பிந்தியது). கப்ளிங் போல்ட்களைத் தளர்த்தி பம்பு ஷாஃப்டை அது சுற்றும் திசையில் நகர்த்தினால் டைமிங் ஏறும். இன்ஜின் முகத்தில் நேராக போல்ட் போட்ட ஃபிளேஞ்ச் பம்பு என்றால், பம்பின் உடம்பை ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்ப வேண்டும். பம்பில் 1 டிகிரி, கிராங்கில் 2 டிகிரி என்பதை மறந்தவர்கள்தான் இரட்டிப்பாக ஏற்றிவிடுகிறார்கள். அளவுக்கு மேல் ஏற்றினால் இழுவை கூடிய மாதிரி முதலில் தோன்றும். பிறகு ஹெட் கேஸ்கெட்டும் பிஸ்டனும் பேரிங்கும் விலை கொடுக்கும். ரிடார்ட் ஆனால் எக்ஸாஸ்ட் சூடாகும், ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கும்.

ஐட்லிங்கில் டைமிங் சரி, வேகத்தில் மட்டும் இழுவை இல்லை என்றால் வேகம் ஏற ஏற டைமிங்கை முன்னுக்குக் கொண்டுபோகும் அட்வான்ஸ் யூனிட்டின் ஸ்பிரிங்கோ வெயிட்டோ தேய்ந்திருக்கலாம். அதைப் பம்பு பட்டறையில் பெஞ்சில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். சீல் உடைத்து மேக்ஸிமம் ஃப்யூயல் ஸ்குரூவைத் திருப்பியிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள். திருப்பியிருந்தால் கறுப்புப் புகையும் டீசல் செலவும் சேர்ந்தே வரும். பிஎஸ்-4 மாசு விதிக்கு முந்தைய வண்டிக்குப் புகைச் சோதனையில் வரம்பு 65 ஹெச்எஸ்யூ (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு).

வால்வும் ஸ்பிரிங்கும் சுத்தமாக உள்ளே போனதும் ஹோல்டரை டார்க் ஸ்பேனரில் மேனுவல் அளவுக்கு இறுக்குங்கள். பலத்தில் இறுக்கினால் ரேக் சிக்கும், ஆக்ஸிலேட்டர் விட்டாலும் வேகம் இறங்காது. டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் பண்ணுங்கள். சில நாள் ஓடிய பிறகு கப்ளிங் போல்ட்டை மறுபடி இறுக்கிப் பார்த்துவிட்டு, அதே பங்கில் டேங்க் ஃபுல் போட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.